டிசம்பரில் தண்ணீர் நிற்கும் இடம்

டிசம்பர் பிறந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்கள் நாட்காட்டியாகிவிடுகின்றன. 2ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூர். 6ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள். பாபர் மசூதி இடிக்கப்பட்டதும் அதே தேதியில்தான். 24ஆம் தேதி பெரியார். 25ஆம் தேதி கீழ்வெண்மணி. 1927இல் மகாடில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டதும் ஒரு டிசம்பர் 25இல்தான். 26ஆம் தேதி சுனாமி. 2022க்குப் பிறகு வேங்கைவயலும் அந்தத் தேதியில் வந்து சேர்ந்துகொண்டது. முகப்புப் படங்கள் நீலத்திலிருந்து கறுப்புக்கும் கறுப்பிலிருந்து சிவப்புக்கும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு வீரவணக்கப் பதிவு மேலே நகர்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்தில், அதாவது நாகப்பட்டினத்துக் கடலோரத்தில், ஆண்டுகளைச் சொல்வதற்கு வேறொரு கணக்கு உண்டு. "சுனாமிக்கு மறுவருசம் அவளுக்குக் கல்யாணம்", "கஜாவுல போன கூரை, இன்னும் கீத்து மாத்தல" என்றுதான் பேச்சு நடக்கும். எங்கள் தெருவில் பலருக்குப் பிறந்த தேதி சரியாகத் தெரியாது; எந்தப் புயலுக்கு எத்தனை வயது என்று தெரியும். ஒன்று நினைவு நாட்களின் நாட்காட்டி, இன்னொன்று மழையின் நாட்காட்டி. நாம் இரண்டையும் தனித்தனி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். 2024 டிசம்பரில் நடந்தவற்றைப் பார்த்தபோது, இரண்டும் ஒரே நாட்காட்டிதான், அது நிலத்தின் நாட்காட்டி என்று தோன்றியது.

நடூரில் இருந்து தொடங்குவோம். 2019 டிசம்பர் 2, அதிகாலை. இரவெல்லாம் மழை. அருந்ததியர் குடியிருப்பை ஒட்டி ஏறத்தாழ 20 அடி உயரத்துக்கு எழுப்பப்பட்டிருந்த கருங்கல் சுவர் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். இரண்டு பிள்ளைகளையும் இழந்த ஒரு தகப்பன் அவர்களின் கண்களைத் தானமாகக் கொடுத்தார். அந்தச் சுவர் ஆபத்தானது என்று குடியிருந்தவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். நீதி கேட்டுத் திரண்டவர்கள்மீது தடியடி நடந்தது. தமிழ்ப் புலிகள் கட்சித் தலைவர் நாகை திருவள்ளுவன் கைது செய்யப்பட்டார். ஆனால் அன்று தொலைக்காட்சியில் ஓடிய வரி என்ன? மழையால் சுவர் இடிந்து 17 பேர் பலி. எழுவாய் மழை. சுவரைக் கட்டிய கை வாக்கியத்திலேயே இல்லை.

2024 டிசம்பரோடு ஐந்து வருடங்கள் முடிந்தன. அதைத் தீண்டாமைச் சுவர் என்று நாம் சொன்னபோது, "எதற்கெடுத்தாலும் சாதியா? மழைக்குச் சாதி தெரியுமா?" என்று கேட்டவர்கள் இன்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஆத்திரப்படாமல் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. மழைக்குத் தெரியாது, உண்மைதான். பெய்த மழை எந்தப் பக்கம் ஓடும் என்பதை மண்ணின் சரிவு தீர்மானிக்கிறது. அந்தச் சரிவில் யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை யார் தீர்மானித்தார்கள்?

காவிரிப் படுகையில் ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையின் உயர்ந்த மண்ணில் கோயிலும் அக்கிரகாரமும் இருக்கும். அதை அடுத்துக் குடியானத் தெரு. பிறகு வயல். வயலுக்கு நடுவில், அல்லது வயலும் தாண்டி வடிகால் வாய்க்காலின் ஓரத்தில், சேரி. சுடுகாட்டுக்குப் பக்கம், மாட்டுத் தொழுவத்துக்குப் பின்பக்கம் என்று ஊருக்கு ஊர் விவரம் மாறும், உயரம் மாறாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும், வயல் தண்ணீரும் வாய்க்காலுக்கு வரும், வாய்க்கால் நிறைந்தால் எங்கள் வாசலுக்கு வரும். பயிர் முழுகப்போகிறது என்றால் நிலத்துக்காரர் வரப்பை வெட்டிவிடுவார். அதில் குற்றமில்லை, பயிரைக் காப்பாற்றத்தான் வேண்டும். வெட்டிய தண்ணீர் போகும் திசையில் இருப்பது யார் வீடு என்பது பல தலைமுறைகளுக்கு முன்பே முடிவான விஷயம். ரேஷன் அரிசியைப் பரணில் ஏற்றி, அடுப்பைக் கட்டில்மேல் வைத்து, பள்ளிக்கூடச் சான்றிதழ்களைப் பாலிதீன் பையில் முடிந்து கூரையின் மூங்கிலில் கட்டித் தொங்கவிடுவது எங்கள் தெருவில் யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்த வேலை. ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை எல்லாம் அப்புறம் வந்தவை.

கீழ்வெண்மணியை நாம் நெருப்பாகவே நினைவில் வைத்திருக்கிறோம். 1968 டிசம்பர் 25 இரவு, ராமையாவின் குடிசைக்குள் 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூடுதலாகக் கொஞ்சம் நெல் கூலி கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். பெரும் நிலவுடைமையாளர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருள்பட எழுதி உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இதெல்லாம் நாம் திரும்பத் திரும்பச் சொல்வதுதான், சொல்லவும் வேண்டும்.

சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்தக் குடிசை ஏன் குடிசையாக இருந்தது? கூலி குறைவு என்பது பாதிப் பதில். அன்றைய கீழத்தஞ்சையில் பண்ணையாளின் வீடு நின்ற மண் பண்ணையாளுக்குச் சொந்தமில்லை. வீடு அவனுடையது, அடிமனை மிராசுதாருடையது. கூலி கேட்டால் வேலையோடு வீடும் போகும். பெயர்த்துப் போட வேண்டிய வீட்டை யார் கல்லால் கட்டுவார்கள்? மூங்கிலும் கீற்றும்தான் அந்த உடைமை முறைக்குப் பொருந்திய கட்டுமானம். வெண்மணிக்குப் பிறகு கூலி பற்றி ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது, 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. குடியிருந்த மனையை உழைப்பாளிக்கே உரிமையாக்கும் குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் 1971இல்தான் வந்தது. 44 உயிர்கள் போய் மூன்றாண்டுகள் கழித்து. அந்தச் சட்டத்தின் ஆண்டு நம் எந்த நாட்காட்டியிலும் இல்லை. சோக நாட்களைக் குறித்துவைக்கத் தெரிந்த நமக்கு, பிடுங்கி வாங்கிய நாட்களைக் குறிக்கத் தோன்றுவதில்லை.

அந்தச் சட்டம் உரிமையைக் கொடுத்தது, மண்ணின் உயரத்தை மாற்றவில்லை. இருந்த பள்ளமே பட்டாவானது. பிற்காலத்தில் ஆதிதிராவிடர் நலத் துறை மனைப் பட்டா வழங்குவதற்காக வாங்கிய இடங்களும் நான் பார்த்த பல ஊர்களில் வயலாக இருந்தவைதான். தொகுப்பு வீடு கட்டுவார்கள்; தரையை உயர்த்த மண் அடிக்கப் பணம் இருக்காது. பஞ்சமி நிலம் என்ற சொல் இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் இருக்காது. 1890களில் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி ஒதுக்கப்பட்ட நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்று கேட்டதற்காக, 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். அது அக்டோபர் மாதம், அதுவும் மழைக்காலம்தான்.

2024இல் ஃபெஞ்சல் வந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த புயல் நகராமல் அங்கேயே நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரு வீட்டுக்குள் இருந்த 7 பேர் புதைந்தார்கள், அவர்களில் 5 பேர் குழந்தைகள். தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் அமைச்சர்மீது சேறு வீசப்பட்டதைத்தான் ஊடகங்கள் இரண்டு நாள் பேசின.

நிவாரண அறிவிப்பைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் விவசாயக் கூலி உழைப்பு பற்றி ஆய்வு செய்கிறவன் என்பதால் இத்தகைய அறிவிப்புகளை ஒரு வரி விடாமல் படிப்பது பழக்கமாகிவிட்டது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய். 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000. பசு, எருமைக்கு 37,500. ஆட்டுக்கு 4,000. சேதமான குடிசைக்கு 10,000. மாடு இருக்கிறது, ஆடு இருக்கிறது, பயிர் இருக்கிறது. அந்தப் பயிரை நட்டவள் பட்டியலில் எங்கே? நாற்று அழுகியதால், களையெடுப்பு நின்றதால், அறுவடை தள்ளிப்போனதால் அவள் இழந்த கூலி நாட்களுக்கு எந்தத் தலைப்பும் இல்லை. எல்லாம் அந்த 2,000 ரூபாய்க்குள் அடக்கம். நூறு நாள் வேலையின் 2024-25ஆம் ஆண்டுக் கூலி 319 ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஆறு நாள் கூலி வரும். வயலில் தண்ணீர் வடியவே அதற்கு மேல் ஆகிறது.

பயிர் நிவாரணத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிட்டா, அடங்கல் யார் பெயரிலோ அவருக்குத்தான் பணம். வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்கிறவர் விதை, உரம், ஆள்கூலி எல்லாம் போட்டு நஷ்டப்படுவார். நிவாரணம் சென்னையில் இருக்கும் பட்டாதாரரின் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேரும். இது இந்த ஆட்சியின் கண்டுபிடிப்பு அல்ல, ஒன்றிய அரசின் பேரிடர் நிவாரண விதிகளே சொத்தை அளவாகக் கொண்டவை. இழக்கச் சொத்து இருப்பவர்தான் இழந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்குப் பிறகு, கணக்கெடுக்க வந்த இளைஞர் எங்கள் பக்கத்து அம்மா ஒருவரிடம், "உங்களுக்கு எவ்வளவு நிலம்மா?" என்று கேட்டார். அந்த அம்மா, "நட்டதச் சொல்லவா, வச்சிருக்கறதச் சொல்லவா தம்பி?" என்றார். படிவத்தில் முதலாவதற்குக் கட்டம் இல்லை.

சுனாமிக்கு 2024 டிசம்பர் 26உடன் 20 ஆண்டுகள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மீனவ மக்களின் இழப்பு அளவிட முடியாதது, அதைக் குறைத்துச் சொல்ல நான் யாருமில்லை. ஆனால் அந்தக் கரையில் மீன் சுமந்த, கருவாடு காயவைத்த, உப்பளத்தில் வேலை பார்த்த, கடலோர வயலில் கூலிக்குப் போன தலித் குடும்பங்கள் "பாதிக்கப்பட்டவர்" பட்டியலுக்கு வரவே போராட வேண்டியிருந்தது. படகு போனவனுக்குப் படகு. அந்தப் படகில் வந்ததைச் சுமந்தவளுக்கு என்ன? அந்த நாட்களில் அழுகிய உடல்களை அள்ளப் பிற நகராட்சிகளில் இருந்து கொண்டுவரப்பட்டவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் அதேதான்: வெளி மாவட்டங்களில் இருந்து தூய்மைப் பணியாளர்கள் லாரி லாரியாக வந்து நகரத்தின் சகதியை வெறுங்கையால் அள்ளினார்கள். அந்த வெள்ளத்தில் கோட்டூர்புரத்துக்காரர்களும் மொட்டை மாடியில் நின்றார்கள், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளத்தைக் காரணம் காட்டி ஊரைவிட்டே அனுப்பப்பட்டவர்கள் அடையாறு, கூவம் கரையோரக் குடிசைவாசிகள் மட்டும்தான். அனுப்பப்பட்ட இடம் பெரும்பாக்கம். அதாவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். ஆற்றை ஆக்கிரமித்தீர்கள் என்று சொல்லிச் சதுப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அதே சதுப்பைச் சுற்றிக் கண்ணாடிக் கட்டடங்களில் மென்பொருள் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்று அழைத்து நான் கேட்டதில்லை. ஐ.டி. காரிடார் என்று அழைத்துத்தான் கேட்டிருக்கிறேன்.

இனி 2024 டிசம்பர் மாதத்து அரசியல். 6ஆம் தேதி சென்னையில் அம்பேத்கர் பற்றிய நூல் வெளியீடு. புதிதாகக் கட்சி தொடங்கிய நடிகர் விஜய் மேடையில் வேங்கைவயலைப் பேசினார். பேசியது நல்லது. மறுநாளில் இருந்து ஊடகங்கள் பேசியதோ திருமாவளவன் ஏன் வரவில்லை, கூட்டணி உடையுமா, ஆதவ் அர்ஜுனா நீடிப்பாரா என்பதை மட்டும்தான். வேங்கைவயல் ஒரே இரவில் காணாமல் போனது. 12ஆம் தேதி, வைக்கம் போராட்டத்தின் நூற்றாண்டையொட்டிப் புதுப்பிக்கப்பட்ட பெரியார் நினைவகத்தைத் தமிழ்நாடு, கேரள முதல்வர்கள் சேர்ந்து திறந்தார்கள். கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக நடந்த போராட்டம் அது. படங்களைப் பார்த்தபோது உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. மூன்றே நாளில், 15ஆம் தேதி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டபப் படியருகே இளையராஜா நிறுத்தப்பட்டார். தன் சுயமரியாதையை எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்று அவர் சொன்னார், அதை நாம் மதிக்க வேண்டும். அறநிலையத் துறை சொன்ன விளக்கம்தான் கவனிக்கத்தக்கது: அர்ச்சகர்கள் போன்ற சிலரைத் தவிர வேறு யாருக்கும் அங்கே அனுமதியில்லை, அது மரபு. இளையராஜா என்பதால் அல்ல, எல்லோருக்கும்தான் என்கிறார்கள். நூறாண்டுக்கு முன் தெருவில் இருந்த கோடு இப்போது மண்டப வாசலில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையில் ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, அம்பேத்கர் பெயரைச் சொல்வது இப்போது ஃபேஷனாகிவிட்டது, இத்தனை முறை கடவுள் பெயரைச் சொல்லியிருந்தால் ஏழு பிறவிக்கும் சொர்க்கம் கிடைத்திருக்கும் என்றார். கொதித்தோம், சரிதான். நாடாளுமன்ற வளாகத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் அம்பேத்கர் படத்தோடு நின்றார்கள், தள்ளுமுள்ளு நடந்தது. எனக்கோ அந்தச் சொர்க்கத்தைப் பற்றி ஒரு சந்தேகம்: அங்கே மனைப் பட்டா கிடைக்குமா? மேட்டிலா, பள்ளத்திலா?

கேலிக்காக மட்டும் கேட்கவில்லை. எல்லோரும் படமாகத் தூக்கிய அம்பேத்கர் 1937இல் பம்பாய் சட்டமன்றத்தில் கோத்தி நிலவுடைமை முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தவர். மறு ஆண்டுத் தொடக்கத்தில் விவசாயிகளைத் திரட்டி அந்த மன்றத்துக்கு ஊர்வலம் நடத்தியவர். 1947இல் "மாநிலங்களும் சிறுபான்மையினரும்" என்ற ஆவணத்தில் நிலம் அரசுடைமையாக வேண்டும் என்றும், சேரியாக ஊரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலை போக ஒடுக்கப்பட்டோருக்குத் தனிக் குடியேற்றங்கள் வேண்டும் என்றும் கேட்டவர். ஊரின் வரைபடத்தையே மாற்றச் சொன்ன மனிதர் அவர். அமித் ஷாவுக்கு அவர் பெயர் கசக்கிறது. மற்றவர்களுக்குப் பெயர் இனிக்கிறது, அந்த ஆவணம் கசக்கிறது. நம் சமூகநீதி ஆட்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குடிசையில்லாத் தமிழ்நாடு என்று கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்திருக்கிறது, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். வரவேற்கிறோம். வீடு வாங்க முதலில் மனை தன் பெயரில் வேண்டுமே? புறம்போக்கில் கிடப்பவனுக்குக் கனவு மட்டும்தான் மிச்சம்.

வேங்கைவயலுக்கு 2024 டிசம்பர் 26ஆம் தேதியோடு இரண்டு ஆண்டுகள். பத்தாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, மரபணுச் சோதனை நடந்தது, பாதிக்கப்பட்ட மக்களையே சோதனைக்கு அழைத்தார்கள். எங்களையே குற்றவாளியாக்கப் பார்க்கிறீர்களா என்று அவர்களில் சிலர் மறுத்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் ஒருவரும் கைது செய்யப்படவில்லை. மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20. அந்த உரிமையைப் பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 வரை ஆனது, பத்து ஆண்டுகள். வேங்கைவயல் வழக்கு எந்த வேகத்தில் போனது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புயலில் எங்கள் வாசலுக்கு வேண்டாத தண்ணீர் வருகிறது, வெயிலில் வேண்டிய தண்ணீரில் மலம் மிதக்கிறது. இரண்டையும் தனித்தனிச் செய்தியாகப் படிக்க என்னால் முடியவில்லை.

இளம் தோழர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்பதால் ஒரு வேலை சொல்கிறேன். ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது, அங்கெல்லாம் தனி அலுவலர்தான் உட்கார்ந்திருப்பார். நாற்காலியில் உட்கார விடாமல் தரையில் உட்காரவைக்கப்பட்ட தலித் தலைவர்களின் கதைகள் நமக்குத் தெரியும், இப்போது அந்த நாற்காலியும் இருக்காது. இருந்தாலும் போங்கள். இந்த மழையில் எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று தேதி போட்டு எழுதி எடுத்துப் போங்கள், கைப்பேசியில் எடுத்த படங்களோடு. எத்தனை வீட்டுக்குப் பட்டா இல்லை, வடிகால் வாய்க்கால் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, குடிதண்ணீர்த் தொட்டி எப்போது கழுவப்பட்டது, நிவாரணக் கணக்கெடுப்பில் கூலித் தொழிலாளர்களின் வேலை நாள் இழப்பைப் பதிவுசெய்தார்களா என்று கேளுங்கள். பதில் வராது. கேள்வியைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துப் பாருங்கள். பல ஊர்களில் வெற்றுத்தாளில்தான் கையெழுத்து வாங்குகிறார்கள்.